வை-ஃபி ஏன் மக்கர் செய்கிறது? கோளாறுகளின் வரலாறு

வீட்டில் வை-ஃபி வேலை செய்யவில்லை என்றால் எல்லோரும் செய்யும் முதல் வைத்தியம் ஒன்றுதான். ரவுட்டரை அணைத்து, பத்து வரை எண்ணி, மறுபடி போடுவது. பாதி நேரம் சரியாகிவிடும். ஏன் சரியானது என்று யாரும் கேட்பதில்லை. சரியாகாவிட்டால் பழி கணினி மீதோ, இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் மீதோ, கடைசியாக அதைத் தொட்ட வீட்டுப் பையன் மீதோ விழும்.

உண்மையில் இந்தக் கோளாறுகள் எதுவும் வானத்திலிருந்து குதித்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறந்த வருடம் உண்டு. யாரோ ஒரு பொறியாளரோ அரசு அதிகாரியோ ஏதோ ஒரு காரணத்துக்காக எடுத்த முடிவு அதன் பின்னால் இருக்கும். அந்த முடிவுகள் பலவும் அன்றைய தேதிக்குச் சரியானவைதான். அவற்றின் விலையைத்தான் இன்று நம் வீட்டுக் கூடத்தில் கட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த வரலாறு தெரிந்தால் எங்கே தேடுவது என்பது தெரியும். எங்கே தேடுவது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஹவாய் தீவுகளும் பேச்சுக் குழப்பமும்

கதை ஹவாயில் தொடங்குகிறது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் நார்மன் ஏப்ராம்சன். கடலலைச் சறுக்கில் பெரும் பிரியர்; அந்த ஆசையும் அவரை ஹவாய்க்கு இழுத்த காரணங்களில் ஒன்று. பல்கலைக்கழகத்தின் கிளைகள் வெவ்வேறு தீவுகளில் இருந்தன. பெரிய கணினி ஓவாஹு தீவில் இருந்தது. நடுவே கடல். அன்றைய தொலைபேசி இணைப்புகளோ விலை அதிகம், தரம் குறைவு. எனவே ஏப்ராம்சன் குழுவினர் வானொலி அலைகள் மூலம் கணினியை எட்ட முயன்றார்கள். 1971 ஜூனில் இயங்கத் தொடங்கிய அந்த வலையமைப்புக்குப் பெயர் அலோஹாநெட்.

அங்கேதான் முதல் சிக்கல். எல்லோரும் ஒரே அலைவரிசையில் பேசினால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறக்க நேரிடும். இரண்டு செய்தியும் மோதிப் பாழாகும். யார் எப்போது பேசலாம் என்று முறை வைத்தால் பேச ஒன்றும் இல்லாதவர் முறைக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். ஏப்ராம்சனின் தீர்வு மிக எளிமையானது. தோன்றும்போது பேசு. 'வந்து சேர்ந்தது' என்று பதில் வராவிட்டால் மோதிவிட்டது என்று பொருள். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி பேசு. அந்தக் 'கொஞ்ச நேரம்' ஒவ்வொருவருக்கும் வேறு வேறாக, குலுக்கல் முறையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே இருவர் மறுபடியும் மோதிக்கொள்வார்கள்!

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால், இப்படி நடத்தும் ஒரு அலைவரிசையில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும். மீதி மோதலிலும் மௌனத்திலும் போய்விடும். பின்னால் வந்த வை-ஃபி இதைப் பல விதங்களில் மேம்படுத்தியது. பேசும் முன் காதுகொடுத்துக் கேள், யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திரு என்ற விதி சேர்ந்தது. ஆனால் அடிப்படை மாறவில்லை. வீட்டு வை-ஃபியில் ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் பொதுவாக ஒருவர்தான் பேச முடியும்.

மாலையில் வீட்டில் எல்லோரும் கூடியதும் இணையம் தவழ ஆரம்பிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. சுமார் 1500 பைட் உள்ள ஒரு தரவுப் பொட்டலத்தை நொடிக்கு 11 மெகாபிட் வேகத்தில் அனுப்ப ஒரு மில்லி செகண்டுக்குச் சற்று மேல் போதும். கோடி அறையில், சிக்னல் குறைந்த இடத்தில் இருக்கும் பழைய கணினி 1 மெகாபிட் வேகத்துக்கு இறங்கினால் அதே பொட்டலத்துக்கு 12 மில்லி செகண்டு பிடிக்கும். அதுவரை மற்ற எல்லோரும் வாய் மூடிக் காத்திருக்க வேண்டும். ஒரு மாட்டுவண்டி குறுகிய சந்தில் போனால் பின்னால் வரும் கார்கள் எல்லாம் மாட்டுவண்டி வேகத்தில்தானே வர முடியும்? வேகமாக ஓடும் கணினியை எத்தனை நேரம் சோதித்தாலும் இந்தக் கோளாறு பிடிபடாது. குற்றவாளி வேறு அறையில் இருக்கிறான்.

அடுப்புக்கு ஒதுக்கிய அலைவரிசை

இரண்டாவது கோளாறு வை-ஃபியைவிட மூத்தது. 1945-ல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் ராடார் கருவிகளுக்கான மாக்னெட்ரான் குழாயில் வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர், நுண்ணலைகளால் உணவைச் சூடாக்கலாம் என்று கண்டார். அதிலிருந்து மைக்ரோவேவ் அடுப்பு பிறந்தது. 1947-ல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய உலகத் தொலைத்தொடர்பு மாநாட்டில், தொழிற்சாலை, அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கு என்று சில அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டன. இவை பேசுவதற்கான அலைவரிசைகள் அல்ல. சூடாக்கும் கருவிகள் சத்தம் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுக்கொடுத்த இடங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி அவற்றில் ஒன்று.

(தண்ணீர் மூலக்கூறு சரியாக 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் ஒத்ததிரும், அதனால்தான் அடுப்புக்கு அந்த எண் என்று பலர் சொல்வார்கள். அது தவறு. தண்ணீர் மிகப் பரந்த வீச்சில் நுண்ணலைகளை உறிஞ்சும். 2.45 என்பது ஒதுக்கீட்டில் கிடைத்த எண், அவ்வளவே.)

மற்ற அலைவரிசைகளுக்கெல்லாம் லைசென்ஸ் வேண்டும். குப்பைமேடு போலக் கிடந்த இந்த இடங்களில் ஏன் பொதுமக்களை விடக்கூடாது என்று கேட்டவர் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தில் இருந்த மைக்கேல் மார்கஸ் என்ற பொறியாளர். 1985 மே மாதம் ஆணையம் சம்மதித்தது. குறைந்த சக்தியில், சிக்னலைப் பரப்பி அனுப்பும் நுட்பத்தில், லைசென்ஸ் இல்லாமல் யார் வேண்டுமானாலும் பேசலாம். நிபந்தனை ஒன்றுதான்: அங்கே ஏற்கனவே இருப்பவர்களின் தொந்தரவைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், புகார் சொல்லக் கூடாது.

வை-ஃபி இன்று உலகம் முழுக்க இருப்பதற்குக் காரணம் இந்த அனுமதிதான். சமையலறையில் மைக்ரோவேவ் ஓடும்போது வீடியோ நிற்பதற்கும் காரணம் அதேதான்! அடுப்பின் சக்தி சுமார் 1000 வாட். வை-ஃபி ரவுட்டரின் சக்தி அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அடுப்பின் கதவு இடுக்கில் கசியும் துளிகூட வை-ஃபிக்கு இடி முழக்கம். இணைப்பு முழுதாகச் செத்துவிடாததற்குக் காரணம், சாதாரண வீட்டு அடுப்பின் மாக்னெட்ரான் மின்சாரத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறத்தாழப் பாதி நேரம்தான் இயங்குகிறது. அந்த இடைவெளியில் வை-ஃபி மூச்சு விட்டுக்கொள்கிறது.

பின்னாளில் கம்பியில்லாத் தொலைபேசி, குழந்தை கண்காணிப்புக் கருவி, புளூடூத் என்று எல்லாம் அதே இடத்தில் குடியேறின. யு.எஸ்.பி. 3.0 கம்பிகளும் கருவிகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்புகின்றன என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் அறிக்கை வெளியிட்டது. வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் கம்பியில்லா மவுஸ் தடுமாறினால் பேய் பிசாசு என்று நினைக்க வேண்டாம்.

பக்கத்து வீட்டு ரவுட்டரும் ஒரு தொந்தரவுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் எண்ணிடப்பட்டுள்ளன. ஆனால் ஒரு வை-ஃபி சிக்னலுக்கு ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். அதனால் 1, 6, 11 ஆகிய மூன்றுதான் ஒன்றையொன்று இடிக்காமல் நிற்கும். அமெரிக்காவில் 11 சேனல்கள், ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 13, ஜப்பானில் பழைய வகைக்கு 14-வது ஒன்றும் உண்டு. அமெரிக்காவிலிருந்து மாமா வாங்கி வந்த மடிக்கணினிக்கு 13-வது சேனலில் இருக்கும் ரவுட்டர் கண்ணிலேயே படாமல் போவது இதனால்தான். சேனலை 11-க்கு மாற்றினால் முடிந்தது.

கல்லாப்பெட்டியிலிருந்து வீட்டுக்கு

கதவு 1985-ல் திறந்தாலும் உள்ளே நுழைந்தவர்கள் ஆளுக்கு ஒரு மொழி பேசினார்கள். என்.சி.ஆர். நிறுவனம் கடைகளுக்கான கல்லாப்பெட்டி இயந்திரங்கள் செய்வது. கடையில் சாமான்களை இடம் மாற்றும்போதெல்லாம் கம்பிகளைப் பிடுங்கி மறுபடி போட வேண்டியிருந்தது. கம்பியே இல்லாமல் இணைக்க முடியுமா என்று நெதர்லாந்தில் இருந்த அதன் பொறியாளர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் ஒருவரான விக் ஹேய்ஸ் 1988-ல் ஐ.ஈ.ஈ.ஈ. அமைப்பை அணுகினார். அதன் பயனாக 1990-ல் 802.11 என்ற குழு அமைந்தது. பத்து ஆண்டுகள் அதற்குத் தலைவராக இருந்தவர் அவரே. 'வை-ஃபியின் தந்தை' என்று அவரைச் சொல்வது இதனால்தான்.

போட்டி நிறுவனங்களை ஒரே மேசையில் உட்காரவைத்து முதல் தரநிலையை வெளியிட 1997 ஆகிவிட்டது. வேகம் நொடிக்கு 1 அல்லது 2 மெகாபிட். அதிலும் சண்டை தீராததால், ஒன்றோடொன்று பேச முடியாத இரண்டு வானொலி முறைகளையும், கூடவே அகச்சிவப்பு முறை ஒன்றையும் சேர்த்து ஒரே தரநிலைக்குள் வைத்தார்கள். விளைவு? ஒரே தரநிலையைப் பின்பற்றும் இரண்டு பெட்டிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை.

1999-ல் 802.11பி வந்து வேகம் 11 மெகாபிட்டாக உயர்ந்தது. அதே ஆண்டு சில நிறுவனங்கள் கூடி, பொருள்களை ஒன்றோடொன்று இணைத்துச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்க ஒரு சங்கம் அமைத்தன. '802.11பி' என்ற பெயரை வாடிக்கையாளர் வாயில் நுழையவைக்க முடியாது என்று இன்டர்பிராண்ட் என்ற பெயர் சூட்டும் நிறுவனத்திடம் போனார்கள். அவர்கள் கொடுத்ததுதான் 'வை-ஃபி'. இது 'வயர்லெஸ் ஃபிடலிட்டி' என்பதன் சுருக்கம் அல்ல. அந்த விளக்கம் விளம்பர வாசகத்துக்காகப் பின்னால் ஒட்டப்பட்டது.

1999 ஜூலையில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபுக் அறிமுக விழாவில், இணையப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினியைத் தூக்கிய ஸ்டீவ் ஜாப்ஸ், கம்பி எதுவும் இல்லை என்று காட்ட அதை ஒரு பெரிய வளையத்துக்குள் நுழைத்து எடுத்தார். மந்திரவாதி செய்யும் வித்தை! வை-ஃபி அட்டையின் விலை 99 டாலர். அலுவலகச் சாமானாக இருந்த வை-ஃபி வீட்டுச் சாமானானது அப்போதுதான். அலுவலகத்தில் கோளாறு பார்க்க ஒரு ஆள் இருந்தார். வீட்டில் அப்படி யாரும் இல்லை. கதையின் திருப்பம் இதுதான்.

எதிரொலியும் பொள்ளாச்சிக்காரரும்

வானொலி அலைகள் சுவரில், பீரோவில், தண்ணீர்த் தொட்டியில் பட்டுத் திரும்பும். ஒரே செய்தி பல வழிகளில், சற்று முன்பின்னாக வந்து சேரும். கல்யாண மண்டபத்து மைக்கில் பேசுவது புரியாமல் போவது போலத்தான் இதுவும். ஓர் இடத்தில் அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டால் அங்கே சிக்னல் பூஜ்யம். ஒரு சாண் தள்ளி வைத்தால் நன்றாக வரும். மடிக்கணினியை லேசாக நகர்த்தியதும் இணைப்பு வருவது மூடநம்பிக்கை அல்ல, இயற்பியல்!

இந்த எதிரொலியைச் சமாளிக்க ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.-வில் ஜான் ஓ'சல்லிவன் குழுவினர் கண்ட முறைக்கு 1996-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. வானியலில் வெடிக்கும் கருந்துளைகளின் மெல்லிய சிக்னலைத் தேடிய காலத்தில் ஓ'சல்லிவன் கற்ற கணிதம் அதற்குக் கைகொடுத்தது. கருந்துளை கிடைக்கவில்லை. வேகமான வை-ஃபிக்கு ஒரு வழி கிடைத்தது.

அடுத்த படி இன்னும் துணிச்சலானது. எதிரொலியை ஒழிப்பதற்குப் பதில் ஏன் பயன்படுத்தக் கூடாது? பல ஆண்டெனாக்களிலிருந்து வெவ்வேறு செய்திகளை ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்பினால், அவை வந்து சேரும் வழிகள் வேறு வேறாக இருப்பதை வைத்தே பிரித்தெடுக்கலாம். இந்த 'மைமோ' நுட்பத்துக்கு வித்திட்டவர் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படையில் சேர்ந்து சோனார் கருவியை உருவாக்கிவிட்டு, பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் சென்றவர். அங்கே தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து அவர் பெற்ற காப்புரிமை 1994-ல் வந்தது. 2014-ல் அவருக்கு மார்கோனி பரிசு கிடைத்தது. 2009-ல் வெளியான 802.11என் தரநிலை இந்த நுட்பத்தில்தான் நிற்கிறது. ரவுட்டரின் தலையில் இரண்டு மூன்று கொம்புகள் முளைத்ததற்குக் காரணம் அழகு அல்ல. அந்தக் கொம்புகளை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் யார் கண்டுபிடித்து என்ன பயன்?

முகவரி இல்லாத கணினி

இனி வருவது அலைகளின் கோளாறு அல்ல, எண்களின் கோளாறு. சிக்னல் முழுதாக இருக்கும், இணையம் மட்டும் வராது.

இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு ஐ.பி. முகவரி வேண்டும். 32 பிட் முகவரி போதும் என்று 1970-களில் முடிவானது. மொத்தம் சுமார் 429 கோடி எண்கள். பரிசோதனைக்காகக் கட்டிய வலையமைப்புக்கு அது கடல் போல. 1990-களின் தொடக்கத்திலேயே கடல் வற்றும் என்று தெரிந்துவிட்டது. எனவே 1994-ல் ஒரு மாற்று வழி முன்வைக்கப்பட்டது. வீட்டுக்கு ஒரு பொது முகவரி மட்டும், உள்ளே இருப்பவர்களுக்குத் தனி முகவரிகள், நடுவே மொழிபெயர்க்க ஒரு பெட்டி. 192.168 என்று தொடங்கும் எண்கள் இப்படி வீட்டு உபயோகத்துக்கான எண்களில் ஒரு வகை. 1996-ல் வெளியான ஆவணம் அதை உறுதி செய்தது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வீடுகளில் ரவுட்டரின் முகவரி ஒரே 192.168.1.1 ஆக இருப்பதன் ரகசியம் இதுதான்.

அந்த உள்முகவரிகளை யார் கொடுப்பது? 1993-ல் வரையறுக்கப்பட்ட டி.எச்.சி.பி. என்ற முறையில் ரவுட்டரே கொடுக்கிறது. சொந்தமாக அல்ல, குத்தகைக்கு. காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். கணினி 'எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்' என்று கூவிப் பார்க்கும். பதில் வராவிட்டால்? விண்டோஸ் 98-லிருந்து கணினி தானாகவே 169.254 என்று தொடங்கும் ஒரு எண்ணைச் சூட்டிக்கொள்ளும். அந்த எண்ணோடு வெளியே போக முடியாது. 2004-ல் வந்த எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 2, இந்த நிலையை மூலையில் ஒரு மஞ்சள் முக்கோணமாகவும் 'லிமிட்டட் ஆர் நோ கனெக்டிவிட்டி' என்ற செய்தியாகவும் காட்டியது. அந்தச் செய்தியால் தூக்கம் இழந்தவர்கள் ஏராளம். பொருள் எளிதுதான்: கூப்பிட்டேன், முகவரி கொடுக்க யாரும் வரவில்லை. பாஸ்வேர்டு தவறாக இருக்கலாம், ரவுட்டர் திணறிக்கொண்டிருக்கலாம்.

இன்னொரு பழைய தலைவலி, ஒரே வீட்டில் இரண்டு ரவுட்டர்கள். நிறுவனம் கொடுத்த மோடமும் முகவரி கொடுக்கும், கடையில் வாங்கிய ரவுட்டரும் கொடுக்கும். இரண்டும் தன்னை 192.168.1.1 என்று சொல்லிக்கொண்டால் ஒரு வீட்டில் இரண்டு தலைக்கட்டு. ஒன்றின் எண்ணை மாற்ற வேண்டும், அல்லது ஒன்றில் டி.எச்.சி.பி.யை நிறுத்திவிட்டு, வெளி இணைப்புக்கான துளையில் அல்லாமல் சாதாரணத் துளையில் கம்பியைச் செருக வேண்டும்.

ஓர் இரவில் எழுதிய மருத்துவர்

கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க இன்றும் முதலில் கைக்கு வருவது 'பிங்'. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்த மைக் மூஸ் என்பவர், வலையமைப்பில் ஏதோ கோளாறு என்று ஓர் இரவில் உட்கார்ந்து எழுதிய சிறு நிரல் அது. நீர்மூழ்கியின் சோனார் ஒலி அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பது போல, ஒரு செய்தி அனுப்பிப் பதில் வர எத்தனை நேரம் ஆகிறது என்று அளக்கும். பெயரும் சோனார் ஒலியிலிருந்து வந்ததே.

பிங்கைப் பற்றி ஒரு நல்ல கதை உண்டு. வலையமைப்பு அவ்வப்போது அறுந்துகொண்டிருந்தது. எந்தக் கம்பி என்று தெரியவில்லை. ஒரு பொறியாளர், பதில் வரும்போதெல்லாம் கணினி உரக்கப் 'பிங்' என்று சொல்லும்படி செய்து, ஒலியை முழுதாகக் கூட்டிவிட்டு, கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு இணைப்பாக ஆட்டிப் பார்த்தார். சத்தம் நின்றதும் ஆள் பிடிபட்டான்.

வீட்டிலும் வழி அதேதான், அருகிலிருந்து தூரத்துக்கு. முதலில் 127.0.0.1, அதாவது கணினி தன்னையே கூப்பிடுவது. பதில் வராவிட்டால் கோளாறு கணினியின் மென்பொருளில். அடுத்து ரவுட்டரின் முகவரி. அங்கே தடுமாறினால் கோளாறு வீட்டுக்குள், பெரும்பாலும் அலைகளில். அடுத்து வெளியே ஓர் எண், எடுத்துக்காட்டாகக் கூகுள் 2009-ல் தொடங்கிய 8.8.8.8. ரவுட்டர் பதில் சொல்லி இது சொல்லாவிட்டால் மோடமோ, வெளிக்கம்பியோ, நிறுவனமோ காரணம். கடைசியாக ஒரு தளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித்தரும் டி.என்.எஸ். அமைப்பில் சிக்கல். 1983-ல் பால் மோகபெட்ரிஸ் வடிவமைத்தது அது. நான்கே கேள்விகளில் சந்தேகம் ஒரே அறைக்குள் வந்துவிடும்.

எக்ஸ்.பி.யில் இருந்த 'ரிப்பேர்' பொத்தானும் மந்திரம் அல்ல. முகவரிக் குத்தகையைப் புதுப்பிப்பது, பழைய பெயர்-எண் குறிப்புகளை அழிப்பது என்று சில வேலைகளை வரிசையாகச் செய்தது, அவ்வளவே.

உடைந்த பூட்டு

இதுவரை சொன்ன கோளாறுகள் எரிச்சல் தருபவை. இது ஆபத்தானது.

1997 தரநிலையோடு வந்த பூட்டுக்குப் பெயர் வெப். கம்பிக்கு நிகரான அந்தரங்கம் என்று பொருள்படும் பெயர். அன்று அமெரிக்காவில் வலுவான குறியாக்கத்தை ஏற்றுமதி செய்யத் தடை இருந்ததால் சாவியின் நீளம் 40 பிட். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மாற வேண்டிய எண் 24 பிட் மட்டுமே, சுமார் 1.67 கோடி. நெரிசலான வலையமைப்பில் அது சில மணி நேரத்தில் தீர்ந்து திரும்ப வரும். 2001-ல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவர் இந்தப் பூட்டின் அடிப்படையிலேயே ஓட்டை இருப்பதை நிரூபித்தார்கள். சில வாரங்களில் அதைத் திறக்கும் இலவச மென்பொருள் இணையத்தில் கிடைத்தது. 2007-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் திறந்து காட்டினார்கள். அதே ஆண்டு வெளிச்சத்துக்கு வந்த அமெரிக்க டி.ஜே.எக்ஸ். கடைகளின் திருட்டில் 4.5 கோடிக்கும் மேற்பட்ட அட்டை விவரங்கள் பறிபோயின. கடையின் வை-ஃபியில் இருந்தது வெப்!

பழைய கருவிகளிலேயே ஓடும்படி அவசரத்துக்குத் தைத்த சட்டையாக 2003-ல் டபிள்யூ.பி.ஏ. வந்தது. 2004-ல் முறையான டபிள்யூ.பி.ஏ.2. ஆனால் ஒவ்வொரு புதுப் பூட்டும் ஒரு புதுக் கோளாறைக் கொண்டுவந்தது. எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 2-க்கு டபிள்யூ.பி.ஏ.2 புரிய 2005-ல் தனியாக ஒரு மேம்பாட்டை நிறுவ வேண்டியிருந்தது. நிறுவாதவர்கள் சரியான பாஸ்வேர்டையே நூறு முறை அடித்துப் பார்த்தார்கள். கடைசியில் வெறுத்துப்போய்ப் பூட்டையே எடுத்துவிட்டார்கள். எடுத்ததும் இணைப்பு வந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்கள்.

இந்தியா அதற்குக் கொடுத்த விலை பெரியது. 2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியை லைசென்ஸ் இன்றிப் பயன்படுத்த அனுமதித்தது. பி.எஸ்.என்.எல்.-இன் 'டேட்டாஒன்' அகலப்பட்டை இணைப்பு தொடங்கியதும் அதே மாதம்தான். வை-ஃபி வீடுகளுக்குள் வேகமாக நுழைந்தது, பலவற்றில் பூட்டு இல்லாமலே. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. போலீஸார் ஐ.பி. முகவரியைத் துரத்திப் போய்ச் சேர்ந்தது நவி மும்பையில் ஒரு வெளிநாட்டவரின் வீட்டுக்கு. பூட்டாத அவரது வை-ஃபி இணைப்பை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். ஒரு வீட்டில் எத்தனை கணினி இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே பொது முகவரிதான் என்று மேலே பார்த்தோம் அல்லவா? சந்தேகமும் அந்த ஒரு முகவரியின் மேல்தான் விழும். அதே ஆண்டு வந்த வேறு சில மிரட்டல் மின்னஞ்சல்களும் மும்பையில் இப்படிப் பாதுகாப்பில்லாத இணைப்புகள் வழியே போயின. 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வை-ஃபி இணைப்புகளைப் பாதுகாப்பாக வைக்கும்படி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

சுலபமாக்கப் போய் வந்த வினையும் உண்டு. நீண்ட பாஸ்வேர்டு அடிக்கும் சிரமத்தைத் தவிர்க்க, ரவுட்டரின் அடியில் ஒட்டிய எட்டு இலக்க எண்ணை அடித்தால் போதும் என்ற டபிள்யூ.பி.எஸ். வசதி 2007-ல் வந்தது. எட்டாவது இலக்கம் சரிபார்ப்புக்கானது என்பதால் ஒரு கோடி எண்களை முயன்று பார்க்க வேண்டும், பாதுகாப்பானது என்று எண்ணினார்கள். ஆனால் ரவுட்டர் முதல் நான்கு இலக்கம் சரியா என்று தனியாகச் சொல்லிவிடும்! எனவே 11,000 முயற்சிகள் போதும் என்று 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் வீபோக் காட்டினார். 2017-ல் மேத்தி வான்ஹோஃப் டபிள்யூ.பி.ஏ.2-லும் ஒரு ஓட்டையைக் கண்டார். மென்பொருள் மேம்பாட்டால் அதை அடைக்க முடிந்தது. 2018-ல் டபிள்யூ.பி.ஏ.3 வந்தது. புது ரவுட்டரில் அதை மட்டும் தேர்ந்தெடுத்தால் பழைய பிரிண்டர் வெளியே நிற்கும். அப்போது செய்ய வேண்டியது பழையதையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாறுவதுதான். பூட்டை எடுப்பது அல்ல.

முடிவாக

சரி, ரவுட்டரை அணைத்துப் போட்டால் ஏன் சரியாகிறது? இப்போது பதில் தெரியும். யார் எந்த முகவரியில் என்ற குறிப்பேடு அழிந்து புதிதாக எழுதப்படுகிறது. குத்தகைகள் புதுப்பிக்கப்படுகின்றன. பல ரவுட்டர்கள் நெரிசல் குறைந்த சேனலைத் தேடி மாறிக்கொள்கின்றன. நிரம்பிப்போன நினைவகம் காலியாகிறது. தினமும் அணைத்துப் போட வேண்டியிருந்தால் அது வைத்தியம் அல்ல, நோயின் அறிகுறி. அப்போதுதான் இடம், சேனல், முகவரி, பெயர், பூட்டு என்று வரிசையாகத் தேட வேண்டும்.

ஹவாயின் குலுக்கல் விதி, அட்லாண்டிக் சிட்டியின் ஒதுக்கீடு, 32 பிட் கணக்கு, 40 பிட் சாவி எல்லாம் இன்னும் அந்தச் சிறிய பெட்டிக்குள் ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. எதையும் பிடுங்கி எறிய முடியாது, பழைய கருவிகள் நின்றுவிடும். ஆகவே இணைப்பு அறுந்தால் அது உங்கள் அறியாமையால் என்று வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் அது எழுபது வருடத்துப் பழைய கணக்குகளில் ஏதோ ஒன்று. எது என்று மட்டும் கண்டுபிடித்தால் போதும். அவசரத்தில் பூட்டை மட்டும் கழற்றிவிட வேண்டாம்.